ஆடி மாதத்துப் பூ

அரும்பாவூரில் எங்களுக்கு மரச்சிற்ப வேலை. 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த தொழில். வாகை, மாவிலங்கை, இலுப்பை, அத்தி எது என்று உளி இறங்கும்போதே கை சொல்லிவிடும். அந்த மரங்கள் எந்த மாதம் பூக்கும் என்பதைத் தேனீ வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

காற்றில் சாய்ந்த ஓர் இலுப்பையை விலை பேசப் போயிருந்தேன். அதன் பொந்துக்குள் ஏழு அடைகள், இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, வரிசையாகத் தொங்கின. மேலே மெழுகு மூடிய தேன். கீழே வெள்ளைப் புழுக்கள். மலைத்தேனீ வெட்டவெளியில் ஒரே அடைதான் கட்டும். இப்படி இருட்டில் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ; பெட்டியிலும் வாழும். கொல்லையில் பெட்டி வைத்துக் குடியேற்றினேன்.

சித்திரையில் வேம்பு, புங்கை, வாகை எல்லாம் பூத்துத் தேன் நிறைந்தது. முழுவதையும் எடுத்துவிட்டேன். ஆடியில் திறந்தால் ஒரு தேனீ இல்லை. வெற்று அடையில் மெழுகுப்புழு நூல் பின்னியிருந்தது. தின்ன எதுவும் இல்லாமல் கூட்டமே குடிபெயர்ந்திருந்தது. இன்றும் அது மனதை அறுக்கிறது.

சித்திரைக்கு நாம் எதுவும் நடவேண்டாம், மரங்கள் பார்த்துக்கொள்ளும். காற்றடிக்கும் ஆனி, ஆடிதான் பஞ்சம். வைகாசியில் சூரியகாந்தி விதைத்தால் இரண்டு மாதத்தில் பூ. வேலியில் கொடி ரோஸ் ஏற்றுங்கள். துளசிக் கதிரைக் கிள்ளாதீர்கள். தேனீ உட்கார்ந்ததும் கதிர் வளையும். அது தலைகீழாகத் தொங்கியபடியே ஒவ்வொரு சிறு பூவாக நாக்கை நீட்டும். நர்சரியில் அடுக்கு இதழ்ச் செண்டுப்பூ கண்ணைப் பறிக்கும், ஆனால் அதற்குள் தேனீ நுழைய வழி குறைவு. காலை எட்டு மணிக்குப் போய், தேனீ மொய்க்கிற செடியை வாங்குங்கள்.

ஐப்பசியில் மழை ஓய்ந்த நேரம்தான் இரை தேடும் நேரம். அப்போது எங்கள் பக்கம் மக்காச்சோளம் பூத்திருக்கும். அதில் மகரந்தம் உண்டு, தேன் இல்லை. 2018-இல் படைப்புழு வந்தபின் மருந்தடிப்பும் கூடிவிட்டது. அடித்தே ஆகவேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின் அடியுங்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரப்பில் தானாக முளைக்கும் தும்பையையும் கொத்திவிட வேண்டாம். மழைக்குப் பின் அதுதான் தேன். மார்கழிக்குக் கொல்லையில் ஒரு பாத்தி கொத்தமல்லி, பூக்க விடுவதற்கென்றே.

மீண்டும் ஒரு கூட்டத்தைக் குடியேற்றிய பெட்டியை இந்த ஆடியில் திறந்தேன். ஓரத்து அடையில் ஒரு சாண் அளவுக்கு மூடிய தேன் இருந்தது. தொடாமல் மூடிவிட்டேன்.