கங்காணி போய் கேமரா வந்தது!



'கங்காணி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 'கண்காணி' என்பதுதான் நம் வாயில் தேய்ந்து கங்காணி ஆயிற்று. பெரட்டில் பெயர் கூப்பிட்டவரும், மரம் மரமாகப் பின்னால் வந்து பார்த்தவரும் அவர்தான். இன்று அந்த வேலைக்குச் சுவரில் ஒரு சின்னக் கருவி வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பெயரிலும் அதே சொல்: கண்காணிப்புக் கேமரா. கங்காணியிடமாவது "ஐயா, கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லலாம். கேமராவிடம் என்னத்தைச் சொல்ல?

பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடை, கிள்ளான் லிட்டில் இந்தியா துணிக்கடை, செம்பனை ஆலையின் எடை மேடை, எங்கும் இந்தக் கண்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் நம்மவர் பலர் பட்டணத்தில் ஜாகா வேலை பார்க்கிறார்கள். திரைக்கு முன்னால் இரவு முழுக்கக் கண் விழிப்பவரும் நம்மவர். திரையில் தெரிகிறவரும் நம்மவர். ஆகவே இந்தக் கருவியின் குணத்தை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

பிறந்த கதை

இது முதலில் யுத்தத்துக்காகப் பிறந்தது. 1942ல் ஜெர்மனியில் ராக்கெட் கிளம்புவதைத் தூரத்திலிருந்து பார்க்க, வால்டர் புரூக் என்ற பொறியாளர் கேமராவும் திரையும் அமைத்தார். பின்னர் இதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வழிகண்டவர் ஒரு பாட்டாளிப் பெண். நியூயார்க்கில் தாதியாக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், கறுப்பினத்தவர். நேரங்கெட்ட நேரத்தில் வேலை; கூப்பிட்டால் போலீஸ் வந்து சேரத் தாமதம். கதவைத் தட்டுவது யார் என்று உள்ளிருந்தே பார்க்க ஒரு கருவியைக் கணவருடன் சேர்ந்து அமைத்தார். 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை பெற்றார்.

முன்பு திரை என்றால் கனத்த கண்ணாடிக் குழாய். ஒரே வாசலையே வருடக்கணக்கில் காட்டினால், அந்த வாசலின் நிழல் கண்ணாடியிலேயே பதிந்துவிடும். இப்போது தட்டையான திரை வந்துவிட்டது. நாடாவில் பதிந்தது போய், பெட்டிக்குள் இருக்கும் வட்டில் பதிகிறது.

திரை பெரிசு, முகம் சிறிசு

"படத்துல தெரியுது, நீதான்யா எடுத்த!" என்று ஒருவர் சொன்னால் நம்மவர் வாயடைத்துப் போகிறார்கள். அவசரப்பட வேண்டாம், கணக்குப் பாருங்கள். இன்று பல கேமராக்கள் குறுக்கே 1,920 புள்ளிகளாகப் படம் பிடிக்கின்றன. 10 மீட்டர் அகலமுள்ள இடத்தை அது பார்த்தால், ஒரு மனித முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 புள்ளிகள்தான். அதைப் பெரிய திரையில் போட்டால் புள்ளிதான் பெரிதாகும், முகம் தெளியாது. இரவில் பெரும்பாலான கேமராக்கள் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். சட்டை நிறத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. பதிவுப் பெட்டியின் கடிகாரமும் தவறாக ஓடலாம். படத்தைக் காட்டினால், முதலில் அந்த மணியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

படம் காத்திருக்காது

நமக்குச் சாதகமான படமும் அழிந்துபோகும் என்பதை மறக்கக்கூடாது. வட்டு நிறைந்ததும் பழைய படத்தின் மேலேயே புதியது பதியும். விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதியும் ஒரு கேமரா, ஒரு நாளில் ஏறக்குறைய 43 கிகாபைட் இடத்தை விழுங்கும். நான்கு கேமராவுக்கு ஒரு டெராபைட் வட்டு என்றால் ஆறு நாள்கூடத் தாங்காது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010ல் நிறைவேறி, 2013 நவம்பர் 15ல் அமலுக்கு வந்தது. வணிக நிறுவனம் வைத்திருக்கும் நம் தகவலைப் பார்க்க எழுத்து மூலம் கேட்கலாம். பதில் தர நிறுவனத்துக்கு 21 நாள் தவணை உண்டு. படமோ ஆறு நாளில் போய்விடும்! ஆகவே விபத்தோ, திருட்டுப் பழியோ, அன்றே "இந்தத் தேதி, இந்த மணிப் படத்தை அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் புகாரிலும் கேமரா இருந்த இடத்தைக் குறிப்பிடுங்கள். மத்திய, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. அங்கே போலீஸ் புகார்தான் வழி.

வேலை போகும் நிலை வந்தால்

படத்தைக் காட்டிய மாத்திரத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முறையான விசாரணை நடக்க வேண்டும். விசாரணைக்காக நிறுத்திவைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது; அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு. குற்றமில்லை என்றானால் மீதியையும் தந்தாக வேண்டும். நியாயமின்றி நீக்கினால், 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம். 61ஆம் நாள் போய் நின்றால் பலனில்லை. "நம்ம பேச்சு எங்க எடுபடப் போவுது" என்று வீட்டில் முடங்கிவிடாமல், சங்கத்தாரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உடை மாற்றும் அறையிலோ கழிவறையிலோ கேமரா கண்ணில் பட்டால் வெட்கப்பட்டு மூடிமறைக்காதீர்கள். பெண்ணின் அந்தரங்கத்தில் தலையிடுவது தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று. துரையின் பார்வைக்கே அஞ்சாதவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேமரா பார்க்கட்டும், திருடாதவனுக்கு அதனால் பயமில்லை. ஆனால் அது கண்டது என்ன, காணாதது என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.