கன்னியாஸ்திரி சம்பளத்துக்கும் வரியா? கோர்ட் சொன்னது இதுதான்

"சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுறேன், எனக்கு எதுக்கு டிடிஎஸ்?" ஒரகடத்தில் நல்ல பேக்கேஜில் வேலை பார்த்து, குன்றத்தூரில் வாடகைக்கு இருப்பவர்களின் புலம்பல் இது.

இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கு. தமிழகம், கேரளாவில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை செய்யும் கன்னியாஸ்திரிகள், பாதிரியார்கள் தரப்பின் வாதம்: வறுமை விரதம் எடுத்தவர்களுக்கு சொத்தே கிடையாது, திருச்சபைச் சட்டப்படி அவர்களுக்கு 'சிவில் மரணம்', சம்பளம் சபைக்கே போகிறது. 1944-ல் வந்த சுற்றறிக்கையையும் காட்டினார்கள். லேசான வாதம் இல்லைதான்.

ஆனா, 2019-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட்டும் 93 அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் முதலில் உங்கள் வருமானம். அதை யாருக்குக் கொடுத்தாலும் அது அப்புறம் நடக்கும் செலவு. ஊருக்குப் போடும் ஜிபேவுக்கும் இதே கணக்குதான்.