மக்கள் தொடர்பு, விளம்பரப் பட்டப்படிப்புகள்: அமெரிக்காவில் செலவும் பயனும்

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளில் மக்கள் தொடர்பும் விளம்பரமும் சில இடங்களில் தனித்தனிப் பட்டப்படிப்புகளாகவும், சில இடங்களில் ஒரே துறையின் இரு பிரிவுகளாகவும் கற்பிக்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் படிப்புகள். மருத்துவம், சட்டம், செவிலியம் போன்ற தொழில்களுக்கு உரிமம் வேண்டும். இந்த இரண்டு தொழில்களுக்கும் அப்படி எதுவும் தேவையில்லை. பட்டம் பெறாதவர் விளம்பர நிறுவனத்தில் சேர்வதற்குச் சட்டத் தடை கிடையாது. ஆகவே, கட்டும் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்ற கேள்வி மற்றப் படிப்புகளைவிட இவற்றில் கூர்மையாக எழுகிறது.

இரண்டும் ஒன்றல்ல

தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப் பட்டியலில் "மக்கள் தொடர்பு" என்ற வரியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பணியின் விரிவான வடிவமே இத்துறை. நாளிதழில் இடத்தையோ தொலைக்காட்சியில் நேரத்தையோ காசு கொடுத்து வாங்கிச் சொல்வது விளம்பரம். காசு கொடுக்காமல் செய்தியாளரும் பொதுமக்களும் நம்பும்படி ஒரு நிறுவனத்தின் நற்பெயரை வளர்ப்பதும், நெருக்கடி வரும்போது அதைக் காப்பதும் மக்கள் தொடர்பு.

மிசூரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908இல் தொடங்கப்பட்டது. எட்வர்ட் பெர்னேஸ் 1923இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புப் பாடத்தை நடத்தினார். பாஸ்டன் பல்கலைக்கழகம் 1947இல் இதற்கெனத் தனிப் பள்ளியையே தொடங்கியது. இதழியலின் நிழலில் வளர்ந்ததால், மக்கள் தொடர்புப் படிப்பில் இன்றும் செய்தி எழுதும் பயிற்சி முக்கிய இடம் பெறுகிறது. விளம்பரப் படிப்பில் விளம்பர வாசகம் எழுதுதல், காட்சி வடிவமைப்பு, எந்த ஊடகத்தில் எவ்வளவு செலவிடுவது என்று திட்டமிடுதல் ஆகியவை மிகுதி. நுகர்வோர் ஆய்வு, ஊடகச் சட்டம், புள்ளியியல் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை.

பட்டியல் கட்டணமும் உண்மைச் செலவும்

கட்டணத்தை நிர்ணயிப்பதில் படிப்பின் பெயரைவிடக் கல்லூரியின் வகைக்கே பங்கு அதிகம். காலேஜ் போர்டு என்னும் அமைப்பு வெளியிட்ட 2024-25 கல்வியாண்டுச் சராசரிகளின்படி, நான்காண்டு அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்தவருக்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் 11,610 டாலர். அதே வகைக் கல்லூரியில் வெளிமாநிலத்தவருக்கு 30,780 டாலர். இலாப நோக்கற்ற தனியார் கல்லூரியில் 43,350 டாலர். கட்டணம் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், நான்கு ஆண்டுகளுக்கு முதல் வகையில் 46,440 டாலரும் மூன்றாம் வகையில் 1,73,400 டாலரும் ஆகும். தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகியவை தனி.

எனினும் இவை பட்டியல் கட்டணங்கள். தனியார் கல்லூரிகளில் இந்தத் தொகையை முழுதாகக் கட்டுவோர் குறைவு. உதவித்தொகை என்ற பெயரில் முதலாண்டு மாணவர்களுக்கு இக்கல்லூரிகள் தரும் கழிவு சராசரியாகப் பட்டியல் கட்டணத்தில் பாதிக்கும் மேல். நம்மூர் ஆடித் தள்ளுபடிக் கடைகளில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு போன்றதுதான் இது. ஒப்பிட வேண்டியது, உதவித்தொகை போக மாணவர் தரவேண்டிய நிகரச் செலவையே. அரசு நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள் இதைக் கணக்கிடும் கருவியைத் தம் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறை.

குறைந்த செலவுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் உள்ளூர் மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் 2024-25இல் சராசரியாக 4,050 டாலராகவே இருந்தது. அங்கே பொதுப் பாடங்களை முடித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர் பலர். ஆனால் படித்த பாடங்களின் மதிப்பலகுகளைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிய வேண்டும். ஏற்காவிட்டால் படிப்பு ஐந்தாண்டாக நீண்டு, மிச்சம் பிடித்த பணம் அந்தக் கூடுதல் ஆண்டிலேயே கரைந்துவிடும்.

கடனும் ஊதியமும்

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் தம் பெயரில் வாங்கக்கூடிய கூட்டரசுக் கல்விக் கடன் முதலாண்டில் 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, அடுத்த இரு ஆண்டுகளில் தலா 7,500 டாலர். நான்காண்டுக்கு மொத்தம் 27,000 டாலர். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெற்றோர் கடன் அல்லது தனியார் வங்கிக் கடன்தான். குடும்பங்கள் சிக்கலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்.

மக்கள் தொடர்பு வல்லுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2024 மே மாதத்தில் 69,780 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் கூறுகிறது. கல்லூரி விளம்பர ஏடுகள் இவ்வகை எண்களை விரும்பி எடுத்துப் போடுகின்றன. பள்ளிக் கணக்கில் படித்த அதே இடைநிலைதான் இது: இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நிற்க, நடுவில் நிற்பவரின் ஊதியம். புதிய பட்டதாரியின் முதல் சம்பளத்தை அது காட்டாது.

ஒரு குறிப்பிட்ட கல்லூரியில் படித்தவர் எவ்வளவு ஈட்டுகிறார் என்பதை அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' இணையதளத்தில் பாடப்பிரிவு வாரியாகக் காணலாம். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூட்டரசு நிதியுதவி பெற்ற மாணவர்களின் வருமானம் மட்டுமே அதில் சேர்கிறது. மேலும், மக்கள் தொடர்பு, விளம்பரம், பயன்பாட்டுத் தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் அங்கே ஒரே தலைப்பின் கீழ் வருவதால், விளம்பரப் பட்டம் சிறந்ததா மக்கள் தொடர்புப் பட்டம் சிறந்ததா என்பதற்கு அந்தத் தளத்தில் விடை தேடுவது வீண். இரு கல்லூரிகளை ஒப்பிட அது உதவும். இரு பாடங்களை ஒப்பிட உதவாது.

பட்டத்துக்கு அப்பால்

விளம்பர நிறுவனத்தில் படைப்புப் பிரிவில் சேர விரும்புவோரிடம் முதலில் கேட்கப்படுவது போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பு. அதை உருவாக்கித் தருவதற்கென்றே மியாமி ஆட் ஸ்கூல் போன்ற தனிப் பள்ளிகளும், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பிராண்ட்சென்டர் போன்ற முதுநிலை மையங்களும் உள்ளன. இளநிலைப் படிப்பிலேயே அத்தகைய தொகுப்பு உருவாகுமானால், மேற்கொண்டு ஒரு கட்டணம் மிச்சம். அமெரிக்க விளம்பரக் கூட்டமைப்பு மாணவர்களுக்காக நடத்தும் தேசியப் போட்டியும், மக்கள் தொடர்பு மாணவர் சங்கத்தின் பேட்மேன் போட்டியும் உண்மையான வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் வாய்ப்பைத் தருகின்றன. ஒரு கல்லூரி இவற்றில் அணி அனுப்புகிறதா என்பது அதன் கட்டடங்களின் அழகைவிடப் பயனுள்ள செய்தி.

உள்ளகப் பயிற்சியில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. பயிற்சிக்கு மதிப்பலகு வழங்கப்பட்டால், அந்த மதிப்பலகுக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஊதியமில்லாப் பயிற்சி என்றால், வேலையும் செய்து அதற்குப் பணமும் கட்டியது போலாகும். நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரங்களில் கோடைக்கால வாடகையும் சேர்ந்தால், வசதியுள்ள மாணவருக்கே இந்த வாயில் திறக்கிறது. ஊதியத்துடன் பயிற்சி பெற்ற மாணவர் எத்தனை பேர் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்கலாம்.

இந்திய, இலங்கை மாணவர்களுக்கு

வெளிநாட்டு மாணவருக்கு மேற்கூறிய கணக்கு மாறிவிடும். அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பொதுவாக வெளிமாநிலக் கட்டணமே கட்ட வேண்டும். மாணவர் விசாவில் வருவோருக்குக் கூட்டரசுக் கடன் கிடையாது. படிப்பு முடிந்தபின் விருப்பத் தொழிற்பயிற்சி என்ற பெயரில் 12 மாதங்கள் வேலை செய்யலாம். கணினி, பொறியியல் போன்ற பாடங்களைப் படித்தோருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. விளம்பரமும் மக்கள் தொடர்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ரூபாயில் வாங்கிய கடனை டாலர் சம்பளத்தில் அடைத்துவிடலாம் என்று திட்டமிடும் குடும்பம், கையில் இருப்பது மூன்று ஆண்டா, ஓராண்டா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வேறொரு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தியாவிலேயே வழிகள் உள்ளன. 1965இல் தொடங்கப்பட்ட புதுதில்லி இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் சேர்த்தே ஓராண்டு முதுநிலைப் பட்டயமாகக் கற்பித்து வந்துள்ளது. அகமதாபாத்தில் 1991இல் தொடங்கிய மைக்கா விளம்பரத் துறைக்கு ஆட்களை உருவாக்குவதில் பெயர் பெற்றது.