மீட்டர் பொய் சொல்வதில்லை, சக்கரத்தை நாம் அளப்பதில்லை: சைக்கிளுக்கு வயர்லெஸ் கம்ப்யூட்டர் வாங்குவோருக்கு

பேராவூரணியிலிருந்து விடியுமுன் கிளம்பி, கட்டுமாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, சேதுபாவாசத்திரம் தாண்டி மனோரா வரை போய்த் திரும்புவது சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அருமையான சவாரி. மலை கிடையாது, ஏற்றம் கிடையாது. பாதி வழி தென்னை நிழல், மீதி வழி கடல் காற்று. இப்படிச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பும் இரண்டு பேரின் மீட்டர்கள் வெவ்வேறு தூரம் காட்டுவது உண்டு. ஒன்று 50 கிலோமீட்டர் என்றால் இன்னொன்று 47 என்கிறது. குறைத்துக் காட்டியது மட்டமான மீட்டர் என்று அங்கேயே தீர்ப்பும் ஆகிவிடும். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தவறு. இரண்டு மீட்டர்களும் ஒழுங்காகவே எண்ணியிருக்கும். அவற்றில் ஒன்றுக்குச் சக்கரத்தின் சரியான சுற்றளவைத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சைக்கிள் கம்ப்யூட்டர் என்ற பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளியது. முன்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் சின்னக் காந்தம். அதற்கு எதிரே ஃபோர்க்கில் ஒரு சென்சார். சென்சாருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் கடக்கும் நொடியில் தகடுகள் ஒட்டும், கடந்ததும் விலகும். 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான ரீட் சுவிட்ச் இதுதான். ஒரு முறை ஒட்டினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாகக் கணக்கு. சுற்றுகளின் எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கினால் தூரம். ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தால் சுற்றளவை வகுத்தால் வேகம். சாதாரண 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 480 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் அது 480 முறை பெருகி, கிலோமீட்டருக்குப் பத்து மீட்டருக்கு நெருக்கமாக வந்து நிற்கும்.

சுற்றை எண்ணித் தூரம் சொல்லும் கருவி புதிதல்ல. 1895-லேயே அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் தயாரித்த சைக்ளோமீட்டர் விற்பனைக்கு வந்தது. ஸ்போக்ஸில் கட்டிய முள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல்சக்கரத்தைத் தட்டிவிடும், எண் உருளும். மின்னணு மீட்டரை 1981-இல் ஜப்பானின் கேட்ஐ நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு கம்பி போய் வயர்லெஸ் வந்தது. இவற்றோடு வரும் வழிகாட்டிப் புத்தகங்கள் பெரும்பாலும் மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளையும் மலைப்பாதை சைக்கிளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்து சைக்கிளின் கதை வேறு. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்ட வைத்தது. 2001-இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கு விரிந்தது. தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் போகும் கறுப்பு சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. இந்த சைக்கிள்களுக்கும் வயர்லெஸ் மீட்டர் தாராளமாகப் பொருந்தும். புத்தகத்தில் உள்ளபடி மாட்டினால்தான் பொருந்தாது.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். கம்பி வைத்த மீட்டர் மலிவு, நம்பகமானது. ஆனால் கம்பி ஃபோர்க்கைச் சுற்றிக் கைப்பிடி வரை ஏற வேண்டும். புல்லுக்கட்டு ஏற்றும்போதும், பள்ளிக்கூடத்து ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தி இழுக்கும்போதும் அது அறுந்துபோகும். வயர்லெஸ் வாங்க இந்த ஒரு காரணம் போதும்.

வயர்லெஸ்ஸில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய ரகம் அனலாக் சிக்னலில் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். அருகில் உள்ள மீட்டர் அதை எண்ணிக்கொள்ளும். யாருடைய சென்சாரிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேர் கைப்பிடியோடு கைப்பிடி உரசப் பேசிக்கொண்டே போனால் ஒருவர் சக்கரத்தை இன்னொருவர் மீட்டரும் எண்ணிவிடலாம். சில எல்இடி விளக்குகளும் இந்தச் சிக்னலைக் குலைக்கும். ரயில் பாதை, ரயில்வே கேட் அருகே எண் தாறுமாறாகலாம் என்று தயாரிப்பாளர்களே புத்தகத்தில் எச்சரிக்கிறார்கள். டிஜிட்டல் ரகம் ஒவ்வொரு துடிப்போடும் தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புவதால் இந்தக் குழப்பம் இல்லை. விலை கொஞ்சம் கூடும். கூட்டமாகப் போகிற பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பது நல்லது.

மூன்றாவது ஜிபிஎஸ் ரகம். கார்மின், வாகூ, பிரைட்டன், ஐஜிபிஎஸ்போர்ட் என்று பல பெயர்கள். விலை சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டிப் போகிறது. போன வழியை வரைபடமாகச் சேமிக்கும், திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்லும், ப்ளூடூத், ஏஎன்டி பிளஸ் வழியே இதயத்துடிப்புப் பட்டையோடும் பெடல் சென்சாரோடும் பேசும். ஆனால் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் மிகவும் மெல்லியது. அடர்ந்த தோப்புக்கு நடுவே, அதுவும் மழையில் நனைந்த மட்டைகளுக்குக் கீழே, அது மேலும் மெலியும். பேராவூரணியைச் சுற்றியுள்ள தென்னைச் சாலைகளில் ஜிபிஎஸ் காட்டும் நொடிக்கு நொடி வேகம் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். ஜிபிஎஸ் வாங்கினாலும் சக்கரத்துக்கு ஒரு வேக சென்சார் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்வேன். இப்போது காந்தமே இல்லாமல் ஹப்பில் மாட்டிக்கொள்ளும் சென்சார்கள் வந்திருக்கின்றன. மாட்டுவது சுலபம், உரசாது, நகராது. இன்னொன்று, உயரம் காட்டும் பாரோமீட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இந்தச் சமவெளியில் ஏற அதிகபட்சம் ஒரு பாலம்தான் இருக்கிறது.

அப்படியானால் ஜிபிஎஸ் யாருக்கு? குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரியான பிரெவே ஓட்டுகிறவர்களுக்கு. ஆடாக்ஸ் என்ற பிரெவே முறையில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். தெரியாத ஊரில் இருட்டில் வழி தவறாமல் போக ஜிபிஎஸ் பெரிய துணை. இங்கே ஒரு கணக்கைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மீட்டர்கள் சக்கரம் நின்றதும் கடிகாரத்தையும் நிறுத்திவிடும். 60 கிலோமீட்டரை மூன்று மணி நேரம் மிதித்து, டீக்கடையிலும் பஞ்சர் ஒட்டுவதிலும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் மீட்டர் சராசரி 20 என்று காட்டும். பிரெவே நடத்துகிறவரின் கடிகாரப்படி அது 15 மட்டுமே. இந்த வித்தியாசம் தெரியாமல் தெம்பாக இருந்து, நேரம் போனபின் தவிப்பவர்கள் உண்டு.

இனி மாட்டுவது. உண்மையான வேலை இங்கேதான்.

காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே பொதுவாக 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பந்தய சைக்கிளில் இது தானாகவே அமையும். கறுப்பு சைக்கிளிலும் பள்ளி சைக்கிளிலும் ஃபோர்க்குக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே இடம் அதிகம். ஹப்பை நெருங்க நெருங்க ஸ்போக்ஸ் கம்பிகள் வெளிப்பக்கமாக விரிந்து ஃபோர்க்குக்கு அருகே வரும் என்பதால் சென்சாரைக் கீழே இறக்கத் தோன்றும். அங்கே வேறு சிக்கல் காத்திருக்கிறது. அனலாக் சிக்னல் ஏறத்தாழ 70 சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. 28 அங்குலச் சக்கரம் போட்ட உயரமான சைக்கிளில் கைப்பிடிக்கும் ஹப்புக்கும் இடையே அந்த எல்லையைத் தொடும் தூரம் இருக்கிறது. இடைவெளி சரியானால் சிக்னல் எட்டாது, சிக்னல் எட்டினால் இடைவெளி அகலம். இதற்குத் தீர்வு மலிவானது: சென்சாரை ஃபோர்க்கின் நடுப்பகுதியிலேயே வைத்து, அதற்கு அடியில் பழைய டியூப் துண்டை மடித்துக் கொடுத்து ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். வழுக்காமலும் இருக்கும். காந்தம் சென்சாரில் உள்ள கோட்டுக்கு நேராகக் கடக்க வேண்டும். கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக் கம்பியில் இடிக்காத உயரம் பாருங்கள். கட்டி முடித்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் எண் வர வேண்டும். கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிச் சுழற்றியும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அந்தச் சுற்றளவு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 26 என்று மட்டும் பார்த்துவிட்டு எண்ணைப் போடக் கூடாது. 26 × 1 3/8 என்று இருந்தால் கூடவே 37-590 என்று சின்னதாக இருக்கும். அட்டவணைச் சுற்றளவு 2068 மில்லிமீட்டர். 26 × 1.95 என்றால் 50-559, சுற்றளவு 2050. இரண்டும் 26 அங்குலம்தான், ஆனால் ரிம்மே வேறு. கறுப்பு சைக்கிளின் 28 × 1 1/2 டயருக்கு 2224, பந்தய சைக்கிளின் 700 × 25 டயருக்கு 2105, மலைப்பாதை சைக்கிளின் 29 × 2.1 டயருக்கு 2288. சில மீட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 2096 என்ற எண்ணோடு வரும். அது 700 × 23 பந்தய டயருக்கு உரியது. அதை மாற்றாமல் 28 அங்குலச் சைக்கிளில் மாட்டினால் 50 கிலோமீட்டர் 47 ஆகக் குறையும்.

அட்டவணையை விட நல்லது நேரடியாக அளப்பது. டயரில் வழக்கமாக வைக்கும் அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். சமமான சிமெண்ட் தரையில், முன்சக்கரத்தின் வால்வு தரைக்கு நேர் மேலே வரும்படி நிறுத்தி, சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிள் மேல் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் பாரத்தில் டயர் அமுங்கிச் சுற்றளவு குறையும். ஒருவர் பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் மெல்ல உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து மில்லிமீட்டரில் அளங்கள். ஐந்து சுற்று உருட்டி ஐந்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். சில மீட்டர்கள் நான்கு இலக்கத்தில் மில்லிமீட்டரும், சில மூன்று இலக்கத்தில் சென்டிமீட்டரும் கேட்கும். எதைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள். மைலா கிலோமீட்டரா என்பதையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

கடைசிச் சோதனைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லின் அருகே மீட்டரின் பயணத் தூரத்தைப் பூஜ்யமாக்கி, பத்துக் கல் தாண்டி நிறுத்திப் பாருங்கள். ஒரு கல்லை நம்ப வேண்டாம். சாலை வேலையில் ஒன்றிரண்டு இடம் மாறி நடப்பட்டிருக்கலாம், பத்துக் கல்லில் அந்தப் பிசகு சிறிதாகிவிடும். மீட்டர் 9.42 காட்டினால், இப்போது போட்டிருக்கும் எண்ணை 10-ஆல் பெருக்கி 9.42-ஆல் வகுங்கள். 2096 என்று போட்டிருந்தால் விடை 2225. அதுவே புதிய எண்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்கள் போதும். எண் விட்டுவிட்டு வந்தால் உடனே கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். முதலில் காந்தம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து சென்சாரின் பேட்டரியை மாற்றுங்கள். மீட்டரில் எண் தெரிவதால் அதன் பேட்டரி சரியாக இருக்கும், தீர்ந்திருப்பது பெரும்பாலும் சென்சாருடையது. பல ரகங்களுக்கு சிஆர் 2032 பட்டன் செல், சிலவற்றுக்கு 12 வோல்ட் ஏ23. இரண்டாவது உப்பு. கடலோரச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் மீட்டரைக் கழற்றி, அடிப்பக்க உலோகத் தொடுமுனைகளையும் மாட்டும் தட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பச்சை பூத்துவிட்டால் நல்ல மீட்டரும் செத்துப்போகும்.

வேகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் கடலோரத்திலிருந்து பேராவூரணிக்குத் திரும்பும்போது காற்று எதிரே வரும், வேகம் விழும். விழுந்த வேகத்தைப் பிடிக்க முட்டி தேய மிதிப்பது உடம்புக்குக் கேடு. பெடல் சுற்று காட்டும் மீட்டர் இருந்தால், கியரைக் குறைத்து அந்தச் சுற்றை மட்டும் சீராக வைத்துக்கொள்ளுங்கள். லாரி பறக்கும் கடற்கரைச் சாலையில் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். எண்ணைத் திரும்பி வந்தும் பார்க்கலாம்.

பள்ளிக்கும் தோப்புக்கும் போகிறவருக்கு எளிய மீட்டர் போதும். கூட்டமாக ஓட்டுகிறவர் டிஜிட்டல் வாங்கட்டும், பிரெவே ஓட்டுகிறவர் சக்கர சென்சாரோடு ஜிபிஎஸ் வாங்கட்டும். எதை வாங்கினாலும், அளந்த சுற்றளவை ஒரு சீட்டில் எழுதி, டேப் ஒட்டி, மீட்டர் வந்த பெட்டிக்குள் போட்டுவையுங்கள். பக்கத்திலேயே மொத்தக் கிலோமீட்டரையும் அவ்வப்போது குறித்துக்கொள்ளுங்கள். மலிவு ரக மீட்டர்கள் பலவற்றில் பேட்டரி மாற்றினால் இரண்டும் அழிந்துவிடும்.