நெட்ஃபிளிக்ஸ் நகல் வேண்டாம், வெங்காய விலை போதும்

வெப் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஃப்ரெஷர்களின் ரெஸ்யூம்களை ஒரே மூச்சில் இருபது முப்பது படித்தால் தலை சுற்றும். எல்லாவற்றிலும் ஒரு கால்குலேட்டர். எல்லாவற்றிலும் ஒரு டூ-டூ லிஸ்ட். வானிலை சொல்லும் பக்கம் ஒன்று. கடைசியில், விட்டால் குற்றம் என்பதுபோல, ஒரு நெட்ஃபிளிக்ஸ் நகல். பெரும்பாலும் யூடியூப் வீடியோவைப் பார்த்துச் செய்தவை. பட்டனின் நிறம்கூட மாறியிருக்காது. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவரும் அந்த வீடியோவைப் பார்த்தவர்தான். "இதை ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று அவர் கேட்டதும் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் என்ன செய்யும்? அந்த முடிவை எடுத்தது அவன் இல்லையே, வீடியோக்காரர்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் உள்ள யோசனை ஒன்றுதான். உங்கள் ஊரில் உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்யுங்கள். எந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தாலும் உங்களால் பதில் சொல்ல முடியும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் படித்தவர்களுக்குக் குறைவில்லை. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. பெரம்பலூரைச் சுற்றித் தனியார் பொறியியல் கல்லூரிகள், குரும்பலூரில் அரசுக் கல்லூரி. வேலைதான் வேறு மாதிரி. அரியலூரில் சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலைகளும். பெரம்பலூரில் நாரணமங்கலம் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூர் சிப்காட்டில் காலணித் தொழில், மிச்சமெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். மென்பொருள் என்றால் பக்கத்தில் இருப்பது திருச்சி நாவல்பட்டு எல்காட் வளாகம். அதை விட்டால் சென்னை ஓ.எம்.ஆர்., கோவை, பெங்களூருதான். ஊரைவிட்டுப் போகப்போகிறவனுக்கு ஊரே பலம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சும்மா சொல்லவில்லை.

முதலில் இன்டர்வியூ எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய நிறுவனங்களில் ஆப்டிட்யூட் தேர்வு, கோடிங் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்ட், எச்.ஆர். ரவுண்ட் என்று படிப்படியாகப் போகும். ஜோஹோ மாதிரி இடங்களில் ஃபிரேம்வொர்க் பெயர்களுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரு சின்ன நிரலைக் காட்டி அதன் வெளியீடு என்ன என்று கேட்பார்கள். அடுத்து லாஜிக் எழுதச் சொல்வார்கள். அதற்கும் அடுத்து டாக்ஸி புக்கிங், ரயில் முன்பதிவு போன்ற ஒரு செயலியை முழுதாக வடிவமைக்கச் சொல்வார்கள் என்பது அங்கே போய் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தரும் ஜோஹோ ஸ்கூல்ஸை நடத்துவதும் அதே நிறுவனம்தான். பத்திருபது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனிகளில் இவ்வளவு ஏற்பாடு இருக்காது. ஒரு வடிவமைப்புப் படத்தைக் கையில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பக்கமாக்கிக் காட்டு என்பார்கள். பெயர் மெஷின் டாஸ்க். எங்கே போனாலும் கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "நீங்க செஞ்ச புராஜெக்ட் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க." முக்கால்வாசி இன்டர்வியூ அங்கேதான் தீர்மானமாகிறது.

சரி, வெங்காயத்துக்கு வருவோம். ஆலத்தூர், செட்டிக்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டறை போட்டு வெங்காயத்தைச் சேமிப்பார்கள். எப்போது பட்டறையைப் பிரிப்பது, திருச்சி மண்டிக்கு எப்போது ஏற்றுவது என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, தினசரி விலையைக் காட்டும் ஒரே ஒரு பக்கம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மண்டி, கிலோ விலை என்று மூன்றே பத்தி. அப்பா கையிலிருக்கும் மலிவு போனில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

இப்போது கேள்விகள் வரட்டும். "டிவ் போடாம டேபிள் ஏன் போட்டீங்க?" இது உண்மையிலேயே அட்டவணைத் தரவு, பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்டால் எந்த விலை எந்த மண்டிக்கு என்று புரிய வேண்டும். "போன்ல எப்படித் தெரியும்?" மீடியா கொயரி போட்டேன், சின்னத் திரையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு கார்டாக மாறும். "விலை எங்கிருந்து வருது?" ஜேசன் வடிவில் வருகிறது, ஃபெட்ச் செய்து எடுக்கிறேன். "நெட் இல்லைன்னா?" இந்தக் கேள்விக்கு நகல் புராஜெக்ட்காரர்கள் விழிப்பார்கள். இவள் விழிக்க மாட்டாள், காட்டில் சிக்னல் போவதைத் தினமும் பார்ப்பவள் ஆயிற்றே. கடைசியாக வந்த விலையை பிரவுசரிலேயே சேமித்து வைத்து, எந்தத் தேதி விலை என்பதையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்பாள். பழைய விலையை இன்றைய விலை என்று நம்பி லாரி ஏற்றினால் என்ன ஆகும் என்பது, கேள்வி கேட்கிறவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விலையை ஏறுவரிசையில் அடுக்கப்போனால் இன்னொரு வேடிக்கை நடக்கும். 60, 100, 45 என்ற மூன்று எண்களை ஜாவாஸ்கிரிப்டின் சார்ட் கட்டளையிடம் அப்படியே கொடுத்தால், 100, 45, 60 என்று அடுக்கித் தரும். எண்ணை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது அது. ஒன்றில் தொடங்குவது நான்கில் தொடங்குவதற்கு முன்னால் வரும் என்று கணக்கு. ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்றை நாமே கொடுத்தால்தான் சரியாகும். 1995ல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி இது. வெறுமையைக் குறிக்கும் நல் என்பதன் வகை என்ன என்று கேட்டால் ஆப்ஜெக்ட் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய தளங்கள் உடைந்துவிடும் என்பதால் யாரும் திருத்தவில்லை. இதையெல்லாம் கேள்வி-பதில் தொகுப்பில் மனப்பாடம் செய்யவும் முடியும். வெங்காய விலை தாறுமாறாக வந்து நின்றபோது கண்டுபிடித்தவள் சொல்வதும், மனப்பாடக்காரன் சொல்வதும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை.

தமிழில் பக்கம் செய்பவருக்கு மட்டும் கிடைக்கிற பாடம் ஒன்று இருக்கிறது. 'பெரம்பலூர்' என்று எழுதி அதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேளுங்கள். 10 என்று சொல்லும். நாம் எண்ணினால் ஆறு எழுத்துதான். 'அரியலூர்' நமக்கு ஐந்து, அதற்கு எட்டு. காரணம், யூனிகோடில் உயிர்மெய் ஒரே குறியீடாக இல்லை. பகரம் தனி, எகரத்தின் கொம்பு தனி. மகரம் தனி, மேலே வைக்கும் புள்ளி தனி. ஊர்ப்பெயருக்குப் பத்து எழுத்துதான் அனுமதி என்று ஒரு படிவத்தில் கட்டுப்பாடு வைத்தால், தமிழில் தட்டச்சு செய்பவர் ஆறாம் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நிற்பார். இன்டர்வியூவில் கட்டாயம் கேட்கிற "ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பு" என்ற கணக்கைத் தமிழ்ச் சொல்லில் போட்டுப் பாருங்கள். கொம்பும் புள்ளியும் இடம் மாறிப்போய் யாரும் வாசிக்க முடியாத ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தர செக்மென்டர் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பிரித்துவிட்டுத் திருப்பினால் சரியாக வரும். கேள்வி கேட்பவர் ஆங்கிலச் சொல்லைத் திருப்பச் சொல்லியிருப்பார். திருப்பி முடித்துவிட்டு, "தமிழ்ப் பெயர் வந்தா இது உடையும் சார், அதுக்கு ஒரு வழி இருக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஈமோஜியிலும் இதே சிக்கல் வருவதால் அவருக்கும் அது அன்றாடத் தலைவலிதான்.

வெங்காயம் பிடிக்காதவர்களுக்கு வேறு இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. 1940ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. அதற்கு ஒரு பக்கம் செய்தால், போனில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க எத்தனை நேரமாகிறது என்பது தெரியவரும். படத்தைச் சுருக்குவது, திரைக்கேற்ற அளவை அனுப்புவது, கீழே இருக்கும் படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவது, மாற்று உரை எழுதுவது என்று நான்கு இன்டர்வியூ கேள்விகள் அந்த ஒரு கல்லுக்குள் இருக்கின்றன. மாவட்டப் பட்டியலை கோடுக்குள்ளேயே எழுதிவைக்கக் கூடாது என்பதற்கும் உள்ளூரிலேயே சாட்சி உண்டு. 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது; 2001ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; 2002ல் திரும்பச் சேர்ந்தது; 2007ல் மறுபடியும் பிரிந்தது. முகவரிப் படிவம் எழுதிய யாரோ ஒருவர் அந்த வருடங்களில் எத்தனை முறை சபித்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

படிக்கக் காசு வேண்டியதில்லை. இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழிலேயே அடிப்படை வேண்டுமென்றால், 2012ல் தொடங்கிய கணியம் இதழின் குழுவினர் மின்னூல்களை இலவசமாகத் தருகிறார்கள், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் நல்ல தொடக்கம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழியாகக் கல்லூரிக்குள்ளேயே பயிற்சிகள் வருகின்றன. சான்றிதழுக்காக மட்டும் உட்காராமல் இருந்தால் பயன் உண்டு. கிட் பழகிக்கொண்டு, செய்ததை கிட்ஹப்பில் போடுங்கள். ஒரே நாளில் மொத்தமாகப் போட்ட கோடு வேறு, மூன்று மாதம் சிறிது சிறிதாக வளர்ந்த கோடு வேறு என்பது கமிட் வரலாற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆங்கிலம்? பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மிஞ்சியது. டெக்னிக்கல் ரவுண்டில் இலக்கணம் பார்ப்பவர் குறைவு. பேசாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை. கோடு எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தங்கச்சியை எதிரே உட்காரவைத்துப் புராஜெக்டை விளக்கிப் பாருங்கள், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படித் தேடுவேன் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

இன்னொரு பயம் ஏ.ஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நெட்ஃபிளிக்ஸ் நகலைச் சில நிமிடங்களில் அதுவே செய்து தருகிறது. ஆகவே நகலுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போனது. ஏ.ஐ. எழுதிய கோடைக் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்பதும் இன்டர்வியூவில் நடக்கக்கூடியதுதான். ஏ.ஐ.யைக் கொண்டு எழுதியதை மறைக்க வேண்டாம். ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பணம் கேட்கும் கும்பலைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை கொடுப்பது பெரும்பாலும் அம்மாவின் நகை. கன்சல்டன்சி என்ற பெயரில் போன் வரும். இன்டர்வியூ பத்தே நிமிடத்தில் முடியும். ஆஃபர் லெட்டர் வாட்ஸ்அப்பில் வரும். அதன் பிறகு பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பேக்டோர் என்று ஏதோ ஒரு பெயரில் தொகை. வேலை கொடுக்கிறவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். திசை மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலையின் பெயரால் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றாலும் அப்படியே. இத்தனை வருடம் வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு விஷயம் வேறு. "அதெல்லாம் வெறும் பேப்பர், செல்லாது" என்று சீனியர்கள் சொல்வார்கள். ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடிக்காமல் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று அர்த்தம்.

முதல் ரவுண்டுகள் இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் நடப்பதால் பஸ் காசு மிச்சம். மின்சாரம் போனால் என்ன செய்வது, போன் ஹாட்ஸ்பாட்டில் கேமரா ஓடுமா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். நேரில் கூப்பிட்டால், பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்கு நெடுஞ்சாலைப் பஸ், அல்லது அரியலூர் போய் ரயில். காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு இரவுப் பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. சொந்தக்காரர் வீடோ சீனியரின் அறையோ, முந்தின நாளே போய்ப் படுங்கள்.

முடிவில் அவர்கள் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். பலர் "இல்ல சார், தேங்க்ஸ்" என்று எழுந்துவிடுகிறார்கள். என் கோடை யார் பார்த்துத் திருத்துவார்கள், முதல் மூன்று மாதம் எந்த வேலையில் போடுவீர்கள், பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, பாண்டு உண்டா என்று நான்கையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்லிப் பதில் வந்தால், அந்தக் கம்பெனியில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம்.