தோளுக்குப் பின்னால் நின்ற ஆசான்

அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலில் விவியன் தாமஸ் ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஆனால் அவர் அங்கே தரையைக் கூட்டவில்லை. ஆய்வகத்தில் நாய்களின் மார்பைத் திறந்து, நூல்போன்ற ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். 1930களின் டென்னசி மாநிலத்தில், அந்த வேலையைச் செய்கிற கறுப்பின இளைஞருக்கு அதற்குரிய பதவியையும் சம்பளத்தையும் கொடுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை.

தாமஸ் 1910இல் லூசியானாவில் பிறந்து, டென்னசியின் நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். அப்பா தச்சர். மகனும் சிறுவயதிலேயே அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் கல்லூரிக்குப் பணம் சேர்த்தார். 1929இல் பங்குச்சந்தை சரிந்ததும் தச்சு வேலை நின்றுபோனது. மறு ஆண்டு பிப்ரவரியில், தற்காலிகமாக இருக்கட்டும் என்று, ஆல்பிரட் பிளேலாக் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டு அவர் பணம் போட்டிருந்த வங்கியும் மூடப்பட்டது. சேமிப்பு முழுவதும் போயிற்று. மருத்துவப் படிப்பும் அதோடு போயிற்று. அந்தத் தற்காலிக வேலையோ, பிளேலாக் 1964இல் இறக்கும்வரை இருவரையும் பிணைத்து வைத்தது.

முதலில் இருவரும் ஆராய்ந்தது ‘ஷாக்’ என்னும் அதிர்ச்சி நிலை. பலத்த அடிபட்டவர்கள் ரத்த அழுத்தம் சரிந்து இறந்துபோவது ஏன்? நசுங்கிய தசையிலிருந்து ஏதோ நச்சு உடம்பில் பரவுகிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினார்கள். அப்படி இல்லை, ரத்தமும் நீரும் குழாய்களை விட்டு வெளியேறுவதுதான் காரணம் என்று இவர்களுடைய சோதனைகள் காட்டின. இழந்ததை ஈடுகட்ட ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினால் உயிர் பிழைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் பலரைக் காப்பாற்றிய அறிவு இது.

1941இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராகப் போன பிளேலாக், தாமஸையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கறுப்பினத்தவர் துப்புரவு போன்ற வேலைகளில்தான் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த கறுப்பர் ஒருவர் நடைவழியில் வந்தால் எல்லோரும் நின்று வெறித்துப் பார்த்தார்கள்.

இரண்டாண்டு கழித்து ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதயநோய் மருத்துவர் ஒரு கேள்வியோடு வந்தார். செவித்திறன் குறைந்தவர், குழந்தைகளின் இதயத் துடிப்பை விரல்களால் தொட்டே உணர்ந்தவர். ‘நீலக் குழந்தைகள்’ அடுத்தடுத்து இறப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே இந்தக் குழந்தைகளின் இதயத்தில் நான்கு கோளாறுகள் சேர்ந்திருக்கும். அவற்றில் முக்கியமானவை இரண்டு: நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகிவிடும், இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை இருக்கும். போதிய ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், ஆக்ஸிஜன் குறைந்த ரத்தமே உடம்பெங்கும் ஓடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நாலடி நடந்ததும் குழந்தை மூச்சுவாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். வீட்டுக் குழாயை மாற்றி இணைப்பதுபோல் நுரையீரலுக்கு வேறொரு வழியில் ரத்தம் அனுப்ப முடியாதா என்பதே டாசிக்கின் கேள்வி.

விடை பிளேலாக், தாமஸ் இருவரின் கையிலேயே இருந்தது. நாஷ்வில் நாட்களில் வேறொரு சோதனைக்காக, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துப் பார்த்திருந்தார்கள். அந்தச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இப்போது அதே இணைப்பு குழந்தைகளுக்கு உதவும் என்று தோன்றியது. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு தாமஸுடையது. முதலில் நாயின் உடலில் இந்த நோயைப் போன்ற நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறக்குறைய 200 நாய்கள், சுமார் இரண்டாண்டு உழைப்பு. அளவான கருவிகள் கடையில் இல்லாததால் ஊசிகளைக் குட்டையாக வெட்டி, தானே கூர்தீட்டிக்கொண்டார். தச்சுப் பட்டறையில் பழகிய கை அது.

1944 நவம்பர் 29. மேசையில் 15 மாதப் பெண் குழந்தை ஐலீன் சாக்சன். எடை நான்கு கிலோ சொச்சம். கத்தியைப் பிடித்தவர் பிளேலாக். இந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து கைவரப் பெற்றவர் தாமஸ். ஆய்வகத்தில் தாமஸ் செய்தபோது பிளேலாக் ஒருமுறை உதவிக்கு நின்றதோடு சரி. ஆகவே தாமஸ் தன் பின்னால் நின்றே ஆகவேண்டும் என்று பிளேலாக் கேட்டுக்கொண்டார். ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று, தையல் எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தாமஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். இதயத்தை நிறுத்திவைத்து அதன் வேலையைத் தான் ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் அன்று கிடையாது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் பக்கத்திலேயே எல்லாம் நடந்தது.

ஐலீன் சில மாதங்களே உயிரோடு இருந்தாள். ஆனால் மூன்றாவதாக மேசைக்கு வந்த ஆறு வயதுப் பையனின் நீல உதடுகள், மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தன. அதன்பின் பல நாடுகளிலிருந்து பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிளேலாக், டாசிக் என்று இரண்டே பெயர்கள். சிகிச்சைக்கும் அந்த இரண்டு பெயர்களே நிலைத்தன. பிளேலாக்கைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. தாமஸின் கைத்திறனை முதலில் கண்டுகொண்டவர் அவர்; சம்பளம் உயரவும் துணை நின்றார். ஆனாலும் அவர் வீட்டு விருந்துகளில், பகலெல்லாம் தன்னிடம் அறுவை கற்ற இளம் மருத்துவர்களுக்கே மாலையில் மது ஊற்றிக் கொடுத்துக் கூடுதல் காசு சம்பாதிக்க வேண்டிய நிலையில் தாமஸ் இருந்தார். அருகிலிருந்து திறமையைப் பார்த்தவர்கூட, அதை ஊரறியச் சொல்லவில்லை. வெளிப்படையான பகையைவிட இந்த மௌனம் தாமஸிடமிருந்து அதிகம் பறித்தது.

பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டென்டன் கூலி உட்பட ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் தாமஸிடம் கைப்பழக்கம் கற்றவர்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒருவர் அவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த மாணவர்களே ஓவியர் ஒருவரைக் கொண்டு அவருடைய உருவப்படத்தை வரையச் செய்தார்கள். 1971இல் அது ஹாப்கின்ஸுக்கு அளிக்கப்பட்டது. 1976இல் அதே நிறுவனம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில். ஆசிரியர் பதவியும் அப்போதுதான் வந்தது. மூன்றாண்டில் ஓய்வு பெற்றார். 1985 நவம்பரில் அவர் இறந்து சில நாட்களில் அவருடைய தன்வரலாறு அச்சாகி வெளிவந்தது.

அண்மைக்கால மருத்துவ இதழ்கள் பல இந்தச் சிகிச்சையை ‘பிளேலாக்–தாமஸ்–டாசிக்’ இணைப்பு என்று எழுதத் தொடங்கியுள்ளன. நம் ஊர் மருத்துவமனைகளிலும் செய்யப்படும் சிகிச்சை இது. இதைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், பழைய புத்தகத்தில் இரண்டு பெயர்களே இருந்தாலும், கரும்பலகையில் மூன்றையும் எழுத வேண்டும்.