உங்களுக்குத் தெரியுமா? டீக்கறைக்கு முதலில் சோப்பு போடக்கூடாது!

கேரளத்தின் பீர்மேட்டுத் தேயிலை ஆலைகளில் அரைபட்ட கொழுந்து, காற்றுப் பட்டதும் செம்பழுப்பாக மாறுகிறது. அந்த நிறத்தைத் தரும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற துவர்ப்புப் பொருள்கள்தாம் டீ கொட்டிய கம்பளத்திலும் கறையாக நிற்கின்றன. நூலை இறுகப் பற்றுவது துவர்ப்பின் இயல்பு. கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைப்பதும் இதற்காகத்தான்.

காரத்தன்மை பட்டால் டீயின் நிறம் கருக்கும், புளிப்பு பட்டால் வெளிறும். பால் சேர்க்காத கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிந்தாலே இது தெரியும். சலவை சோப்போ காரத்தன்மை கொண்டது!

கறை காயுமுன் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். முதலில் குளிர்ந்த நீர்தான். பால் டீயென்றால் வெந்நீர் பாலின் புரதத்தை நூலிலேயே உறையவைத்துவிடும். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு நீர் கலந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பவானி ஜமக்காளம் போன்ற அடர்நிற விரிப்பென்றால், சாயம் போகிறதா என்று மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பீர்மேட்டு மழைக்காலத்தில் கம்பளத்தை முழுதாக நனைக்கவே நனைக்காதீர்கள். காயாத கம்பளத்தில் பூஞ்சை பிடித்தால், அது டீக்கறையைவிடப் பெருந்தொல்லை. ஈரத்தை உறிஞ்ச, கறைபட்ட இடத்தில் உலர்ந்த துணி போட்டுக் கனமான எவர்சில்வர் பாத்திரத்தை வையுங்கள். துருப்பிடித்த இரும்பு வேண்டவே வேண்டாம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மையாகிவிடும்.